முகத்தில் 'மங்கு'... ஒரே வாரத்தில் போக்கும் கிரீம் வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

முதலில் ஒரு கன்னத்தில் பழுப்பு நிறத்தில் சின்னதாக ஒரு திட்டு வரும். சில மாதங்களில் மறு கன்னத்திலும் அதே மாதிரி தெரியும். பிறகு மூக்கின் மேல், நெற்றியில், மேலுதட்டுக்கு மேல் என்று பரவும். ஊரில் இதை 'மங்கு' என்பார்கள். மருத்துவத்தில் இதன் பெயர் மெலாஸ்மா.

மஞ்சள் காடு, வெற்றிலைத் தோட்டம், செங்கல் சூளை, 100 நாள் வேலை என்று பகல் முழுக்க வெளியில் நிற்கும் அந்தியூர் வட்டாரப் பெண்களுக்கு மங்கு புதிய விஷயம் இல்லை. விசேஷ வீட்டில் யாராவது ஒருத்தர், "என்னங்க, முகமெல்லாம் கருத்துப் போச்சு?" என்று கேட்டுவிட்டால் போதும். அடுத்த நாளே மெடிக்கலில் ஒரு டியூப், அல்லது செல்போனில் பார்த்த ஒரு கிரீம் வீட்டுக்கு வந்துவிடும்.

மங்கு வலிக்காது, ஒட்டிக்கொள்ளாது, உயிருக்கும் ஆபத்தில்லை. ஆனால் அதைப் போக்க அவசரத்தில் வாங்கும் கிரீம் முகத்தையே கெடுக்கலாம். சில நேரம் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். இது பக்கத்து மாநிலத்தில் ஆய்வோடு பதிவான விஷயம். மங்கு ஏன் வருகிறது, எந்த கிரீமில் என்ன ஆபத்து, சரியான சிகிச்சை எது என்று விரிவாகப் பார்க்கலாம்.

மங்கு ஏன் வருகிறது?

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். இதைத் தயாரிக்கும் செல்கள் தோலின் மேலடுக்கின் அடியில் இருக்கின்றன. வெயில் படும்போது தோலைக் காப்பாற்ற இவை கூடுதலாக மெலனின் சுரக்கும். மங்கு வந்த இடத்தில் இந்தச் செல்கள் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன. அதனால்தான் அந்த இடம் மட்டும் கருக்கிறது. முகத்தில் அழுக்கு சேர்ந்து வருவது இல்லை இது. எத்தனை தடவை சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது. தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்ணாகி இன்னும் கருக்கும்.

முக்கியக் காரணங்கள் நான்கு.

வெயில்: முதல் காரணம் இதுதான். 2024 கோடையில் தமிழ்நாட்டிலேயே அதிகம் கொதித்த ஊர்களில் ஈரோடும் ஒன்று. ஆனால் சூடு தெரிந்தால்தான் பாதிப்பு என்று இல்லை. ஆடிக் காற்றில் மேகமூட்டமாக இருக்கும்போதும் புற ஊதாக்கதிர் முகத்தில் படும். அதில் ஒரு வகை பஸ் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டியும் வரும். கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் மாநிறத் தோலில் மங்கைத் தூண்டும்.

ஹார்மோன்: கர்ப்ப காலத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் சிலருக்கு மங்கு வரும். கர்ப்பத்தில் வந்தது பலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் தானாகவே மங்கிவிடும். சிலருக்குத் தங்கிவிடும்.

பரம்பரை: அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் வருவதற்கான வாய்ப்பு அதிகம்.

அனல்: விறகடுப்பு, செங்கல் சூளை, கவுந்தப்பாடி பக்கம் வெல்லம் காய்ச்சும் கொப்பரை என்று தினமும் முகத்தில் அனல் அடிக்கும் வேலையும் இருக்கிற மங்கை அதிகமாக்கலாம்.

பாதிக்கப்படுவோரில் பெரும்பாலானவர்கள் 20 முதல் 45 வயதுக்குள் இருக்கும் பெண்கள். ஆண்களுக்கும் வரும். வெயிலில் வேலை செய்யும் ஆண்கள் பலர் அதைக் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான்.

கருப்பாக இருந்தாலே மங்கு கிடையாது

இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். முகம் கருப்பதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

* பரு வந்து போன இடத்தில் நிற்கும் கரும்புள்ளி மங்கு இல்லை. பருவைக் கட்டுப்படுத்தினால் அது மெல்ல மறையும்.

* கழுத்தின் பின்புறமும் அக்குளும் கருத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி இருந்தால் அது உடல் பருமன், சர்க்கரை நோய் வரப்போவதற்கான அறிகுறியாக இருக்கலாம். அவர்களுக்கு முதலில் தேவை ரத்தச் சர்க்கரை பரிசோதனை.

* தலைச்சாயம் போடுகிறவர்களுக்கு நெற்றி ஓரமும் காதருகிலும் கருத்தால், சாயத்தில் உள்ள ரசாயனத்தின் ஒவ்வாமையாக இருக்கலாம். குங்குமம், வாசனைப் பொருட்களாலும் இப்படி வரும்.

* விரல் மூட்டுகள், உள்ளங்கை ரேகை, வாயின் உட்புறம் எல்லாம் சேர்ந்து கருத்தால் வைட்டமின் பி12 குறைபாடோ ஹார்மோன் சுரப்பிக் கோளாறோ இருக்கலாம்.

தோல் டாக்டர்கள் நேரில் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். தேவைப்பட்டால் ஒரு தனி விளக்கொளியில் பார்த்து நிறம் எவ்வளவு ஆழத்தில் படிந்திருக்கிறது என்று கணிப்பார்கள். மேலடுக்கில் இருந்தால் சீக்கிரம் குறையும். ஆழத்தில் இருந்தால் நாளாகும்.

மெடிக்கல் டியூபில் என்ன இருக்கிறது?

'ஒரே வாரத்தில் முகம் பளிச்' என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லும் டியூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் ஆகியவற்றில் ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கும். மெலனின் சுரப்பையும் அடக்கும். அதனால் சில நாட்களிலேயே முகம் வெளுத்த மாதிரி தெரியும். "நல்லா வேலை செய்யுதுங்க" என்று அடுத்த டியூப், அதற்கடுத்த டியூப் என்று போகும். மாதங்கள் ஆக ஆக தோல் மெலியும். ரத்தக் குழாய்கள் சிவப்பு நூல் மாதிரி வெளியே தெரியும். பருக்கள் கிளம்பும். பெண்களுக்குக் கன்னத்தில் முடி வளரும். பயந்துபோய் நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், மங்கு முன்பைவிட அதிகமாகத் திரும்பும். எரிச்சல் தாங்காமல் மறுபடியும் அதே டியூபைத் தேடுவார்கள். கிட்டத்தட்ட ஒரு அடிமைப் பழக்கம் மாதிரி இது.

2011-ல் வெளியான ஆய்வு ஒன்றில், இந்தியா முழுவதும் 12 மையங்களில் முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரை டாக்டர்கள் விசாரித்தார்கள். அவர்களில் 433 பேர், அதாவது சுமார் 15 சதவீதம் பேர், முகத்தில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த 433 பேரில் 59 சதவீதம் பேருக்கு அதைப் பரிந்துரைத்தது டாக்டர் கிடையாது. கடைக்காரர், சொந்தக்காரர், பக்கத்து வீட்டார் மாதிரியானவர்கள்தான்.

ஒரு குழப்பமும் இதில் இருக்கிறது. மங்குக்கு டாக்டர்களே எழுதிக் கொடுக்கும் மூன்று மருந்துக் கலவை கிரீமிலும் கொஞ்சம் ஸ்டீராய்டு உண்டு. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு என்ற மூன்றும் சேர்ந்தது அது. பொதுவாக 8 வாரம் வரை மட்டும், டாக்டர் கண்காணிப்பில், இரவில் போடச் சொல்வார்கள். அப்படிப் போட்டால் அது மருந்து. அதே சீட்டை வைத்து வருஷம் முழுக்க வாங்கிப் போட்டாலும், தங்கச்சிக்கும் மருமகளுக்கும் கொடுத்தாலும் அதுவே கேடு. பிரச்சினை மருந்தில் இல்லை, அதை எத்தனை நாள், யார் பேச்சைக் கேட்டுப் போடுகிறோம் என்பதில் இருக்கிறது.

மலப்புரத்தில் நடந்தது என்ன?

ஸ்டீராய்டு கெடுப்பது பெரும்பாலும் முகத்தை. பாதரசம் கலந்த கிரீம் உள்ளே போய் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கோவையிலிருந்து பாலக்காடு தாண்டினால் வரும் மாவட்டம் மலப்புரம். அங்கே கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனையின் சிறுநீரக டாக்டர்கள், சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒருவகை நோய் வழக்கத்துக்கு மாறாக வருவதைக் கவனித்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை இந்த நோயோடு 22 பேர் பதிவானார்கள். அவர்களில் 15 பேருக்கு 'நெல்-1' என்ற அரிய வகை பாதிப்பு. காரணத்தைத் துருவிக் கேட்டபோது, அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் போட்டது தெரியவந்தது. 'கிட்னி இன்டர்நேஷனல்' என்ற சர்வதேச மருத்துவ இதழில் இந்த ஆய்வு வெளியானது.

காரணம் பாதரசம். மெலனின் உருவாவதை அது தடுக்கும் என்பதால் சில கிரீம்களில் கலக்கிறார்கள். தோல் வழியாக ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் படியும். கிரீம் போடுபவர் மட்டுமல்ல, அதன் ஆவியைச் சுவாசிக்கும் வீட்டில் உள்ளவர்களும், குறிப்பாகக் குழந்தைகளும் பாதிக்கப்படலாம். ஆறுதலான விஷயம், கிரீமை நிறுத்திய பிறகு பெரும்பாலானவர்களுக்கு நோய் தணிந்திருக்கிறது.

கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் சோதனைகளை நடத்தியது. சில லிப்ஸ்டிக், முகக் கிரீம் மாதிரிகளில் அனுமதித்த அளவைவிடச் சுமார் 12,000 மடங்கு வரை பாதரசம் இருந்ததாக 2025-ல் அம்மாநில சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ் தெரிவித்தார்.

கேரளாவில் விற்ற கிரீம் இங்கே வராது என்று சொல்ல முடியுமா? ஆன்லைனில் ஆர்டர் போட்டால் கோட்டக்கல்லுக்குப் போகும் அதே பார்சல் அந்தியூருக்கும் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் தோலில் பூசும் 14 ஸ்டீராய்டு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. அதுவரை தோலில் பூசுவது என்பதால் இவற்றுக்கு விலக்கு இருந்தது.

பாதரசத்துக்கும் வரம்பு இருக்கிறது. இந்தியாவின் 2020 அழகுசாதன விதிகளின்படி, கண் பகுதிக்கான பொருட்கள் தவிர மற்றவற்றில், தயாரிப்பின்போது தவிர்க்க முடியாமல் கலக்கும் பாதரசம்கூட 10 லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது. பாதரசக் கழிவால் ஒரு ஊரே நோயில் விழுந்த ஜப்பானின் மினமாட்டா பெயரில் சர்வதேச ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அதில் இந்தியாவும் உறுப்பினர். பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருட்கள் அனைத்தையும் 2025-க்குள் நிறுத்துவது என்று 2023 நவம்பரில் அந்த நாடுகள் முடிவெடுத்தன.

அப்புறம் ஏன் நிற்கவில்லை? காரணம் எளிது. தோல் டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி டவுனுக்குப் போகணும். மெடிக்கலில் கேட்டால் ஐந்தே நிமிடத்தில் டியூப் கையில் இருக்கும். இன்ஸ்டாகிராமில் கேட்டால் வாசலுக்கே வரும். சீட்டு கேட்காத கடையும், முகவரி இல்லாத விற்பனையும் இருக்கும் வரை சட்டம் காகிதத்தில்தான் இருக்கும். மங்கை நோயாகப் பார்க்காமல் 'கலர் குறைஞ்சிடுச்சு' என்று பார்க்கும் நம் பேச்சும் அந்த வியாபாரத்துக்குத் துணை போகிறது.

சரியான சிகிச்சை எது?

மங்கை முழுசாக அழித்து, இனி வரவே வராது என்று உறுதி தரும் சிகிச்சை எதுவும் இல்லை. கட்டுப்படுத்தலாம், நன்றாக மங்க வைக்கலாம். அப்படி உறுதி தருகிற விளம்பரத்தைக் கண்டால் விலகுவது நல்லது.

முதல் படி வெயிலைத் தடுப்பது. இது இல்லாமல் எந்த மருந்து போட்டாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

அடுத்து பூசும் மருந்துகள். அசெலாயிக் அமிலம், கோஜிக் அமிலம், ஹைட்ரோகுயினோன் போன்றவற்றைத் தோலுக்கு ஏற்ப டாக்டர் தேர்ந்தெடுப்பார். பலன் தெரிய 2 முதல் 3 மாதம் ஆகும். ஹைட்ரோகுயினோனைக் கணக்கில்லாமல் போட்டால் முகம் நீலங்கலந்த கருமையாக மாறலாம். அது வந்துவிட்டால் போக்குவது மிகவும் கடினம்.

கர்ப்பிணிகள் ட்ரெட்டினாயின், ஹைட்ரோகுயினோன் இரண்டையும் தவிர்க்க வேண்டும். பிரசவம் வரை வெயில் பாதுகாப்பே போதும். அவசியமென்றால் அசெலாயிக் அமிலம் தருவார்கள்.

மாதவிடாயில் அதிக ரத்தப்போக்குக்குத் தரப்படும் ட்ரானெக்ஸாமிக் அமில மாத்திரையைக் குறைந்த அளவில் மங்குக்கும் தருகிறார்கள். நன்றாக வேலை செய்யும். ஆனால் ரத்தம் உறையும் அபாயம் உள்ளவர்களுக்கு, உதாரணமாக பக்கவாதம், காலில் ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு, ஆகாது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கருத்தடை மாத்திரையால் மங்கு வந்ததாகத் தோன்றினால் நீங்களாகவே நிறுத்த வேண்டாம். காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத வழிக்கு மாறலாமா என்று கேளுங்கள்.

கெமிக்கல் பீல், லேசர் இரண்டும் கடைசிக் கட்டம். நம் மாநிறத் தோலில் லேசரைத் தப்பாகச் செய்தால் கருமை கூடித் திரும்பும். பியூட்டி பார்லரில் செய்துகொள்ளும் விஷயம் இல்லை இது.

மஞ்சள் பூசினால் போகாதா?

புவிசார் குறியீடு பெற்ற மஞ்சள் விளையும் ஈரோடு மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. மஞ்சள் பூசுவதில் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் மங்கு போகும் என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். மஞ்சள் ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு வந்தால் உடனே நிறுத்தணும், அரிப்பே கருமையைக் கூட்டும்.

எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போவது ஆபத்து. அந்தச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து, கரிய தழும்பாகவே நின்றுவிடும். பேக்கிங் சோடா, பற்பசை வேண்டவே வேண்டாம்.

வெயிலில் வேலை செய்கிறவர்கள் என்ன செய்வது?

'10 மணி முதல் 4 மணி வரை வெயிலில் போகாதீங்க' என்று சொல்வது சுலபம். களை எடுக்கும் நேரமே அதுதான். அவர்களுக்கு முடிந்த வழிகள் இவை.

* தலையில் கட்டும் துண்டு நெற்றியை மறைக்கும். மங்கு அதிகம் வரும் கன்னமும் மேலுதடும் திறந்தே இருக்கும். துண்டுக்கு மேல் அகல விளிம்புத் தொப்பி போடலாம். அல்லது நெருக்கமாக நெய்த பருத்தித் துணியால் கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றிக் கட்டலாம். மெல்லிய துப்பட்டா வழியாக வெயில் உள்ளே வரும்.

* சன்ஸ்கிரீன் வாங்க முடிந்தால் எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாமல், 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று போட்டிருப்பதை வாங்குங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிழிந்து எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். வெளியில் கிளம்ப 15 நிமிடம் முன்பு போடுங்கள். வியர்வையில் கரைந்துவிடும் என்பதால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும்.

* அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன் மங்குக்கு இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் அது தடுக்கும்.

* அடுப்பு, சூளை, கொப்பரை வேலையில் இருப்பவர்கள் முடிந்தவரை மாறி மாறி நின்று முகத்தில் நேராக அனல் படுவதைக் குறைக்கலாம். அவ்வப்போது குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுவதும் உதவும்.

கிரீம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

தயாரித்த நிறுவனத்தின் முழு முகவரி, உரிம எண், உட்பொருட்களின் பட்டியல் இல்லாத கிரீமைத் தொடவே வேண்டாம். வெளிநாட்டு கிரீம் என்றால் இந்தியாவில் இறக்குமதி செய்தவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். உறையில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டுக்கு மட்டுமே தரக்கூடிய மருந்து. சில நாட்களிலேயே வெளுப்பாக்கும் கிரீமைச் சந்தேகப்படுங்கள், நேர்மையான மருந்து அவ்வளவு வேகமாக வேலை செய்யாது.

ஏற்கனவே மாதக்கணக்கில் போட்டு வருகிறவர்கள் என்ன செய்வது? ஸ்டீராய்டு என்றால் டாக்டரிடம் காட்டி, அவர் சொல்லும் முறையில் நிறுத்துங்கள். பெயர், முகவரி தெரியாத கிரீம் என்றால் இன்றே நிறுத்துங்கள். டியூபைத் தூக்கி எறியாமல் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். கால், முகம் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்துப் போனாலோ தள்ளிப் போடாமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எங்கே காட்டுவது?

அந்தியூர் அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம். தேவைப்பட்டால் பெருந்துறையில் உள்ள ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். அரசு மருத்துவமனை என்பதால் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆலோசனைக்குத் தமிழ்நாடு அரசின் 104 எண்ணில் பேசலாம். ஏதாவது கிரீமால் பாதிப்பு வந்தால் மருந்துப் பக்கவிளைவுகளுக்கான தேசிய உதவி எண் 1800-180-3024-ல் தெரிவிக்கலாம். கோட்டக்கல்லில் டாக்டர்கள் விடாமல் கேட்டுப் பதிவு செய்ததால்தான் அந்த கிரீம்கள் வெளிச்சத்துக்கு வந்தன. நீங்கள் சொல்லும் ஒரு புகாரும் அப்படி இன்னொருத்தரைக் காப்பாற்றலாம்.

மங்கு குறைய 3 மாதமோ 6 மாதமோ ஆகட்டும். அதுவரை அந்த முகத்தோடு வேலைக்கும் போகலாம், விசேஷத்துக்கும் போகலாம். பக்கத்து வீட்டு அக்கா அடுத்த முறை ஒரு டியூபை நீட்டினால், வாங்கிப் பூசும் முன் திருப்பிப் பார்த்து அதில் எழுதியிருக்கும் பெயரைப் படியுங்கள். முடிந்தால் அக்காவையும் படிக்கச் சொல்லுங்கள்.